மறு: அப்பாவுக்கு வறட்டு இருமல், எக்ஸ்ரே நார்மல்

வணக்கம். அப்பாவுக்குக் கிட்னி மாற்றி நாலு மாசம், வறட்டு இருமல், மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் செப்ட்ரான் (கோ-ட்ரைமாக்சசோல்) மாத்திரையை நிறுத்திவிட்டோம் என்கிறீர்கள். அந்த மாத்திரை கொடுப்பதே முக்கியமாக நியூமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சை நிமோனியாவைத் தடுக்கத்தான். அதில் ஆரம்பத்தில் எக்ஸ்ரே நார்மலாகவே இருக்கலாம், சி.டி. ஸ்கேனில்தான் பிடிபடும்.

உட்கார்ந்திருக்கும்போது ஆக்சிஜன் அளவு நன்றாகவே காட்டலாம். கொஞ்ச நேரம் நடக்கவிட்டுப் பாருங்கள், அளவு இறங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். இறங்காவிட்டாலும் இன்றைக்கே மாற்று அறுவைசிகிச்சைக் குழுவிடம் பேசுங்கள், இருமல் மருந்தோடு காத்திருக்காதீர்கள். சளியில் இந்தப் பூஞ்சை தெரியாவிட்டால் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் தேடுவார்கள்.

பூஞ்சைதானே என்று ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்தை வாங்கிக் கொடுக்காதீர்கள், இதற்குக் கேட்காது. உறுதியானால் அதே செப்ட்ரான்தான், அதிக அளவில், வழக்கமாக 21 நாள். நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம். அந்த அளவில் ரத்தத்தில் கிரியேட்டினினும் (கிட்னி வேலையைக் காட்டும் அளவு) பொட்டாசியமும் ஏறலாம். பிறகு தடுப்புக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் டாப்சோன் என்ற மாற்று மாத்திரை உண்டு, ஜி6பிடி என்ற நொதி குறைவா என்று ரத்தச் சோதனை பார்த்துவிட்டு.