வெளியாள் எழுதித் தந்த சோதனைகளைக் கட்டற்ற மென்பொருள் திட்டத்தில் யார் பராமரிக்க வேண்டும்?

உள்ளே சேர்க்க ஒப்புதல் தந்தவர்தான். சோதனை என்றால் நிரல் சரியான விடை தருகிறதா என்று பார்க்கும் சிறு நிரல். அது முதன்மைக் கிளைக்குள், அதாவது திட்டத்தின் மூலப்பிரதிக்குள் வந்துவிட்டால், அதை யார் எழுதினார் என்பது மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியின் வரலாற்றில் பார்த்துக்கொள்ள வேண்டிய செய்தி, அவ்வளவே. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

நாள், நேரக் கணக்குகளுக்காகப் பிற நிரல்கள் எடுத்தாளும் சிறு நிரலகம் ஒன்றைச் சில ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். முன்பின் தெரியாத ஒருவர் ஒரே புல் ரிக்வெஸ்டில் (மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் கோரிக்கை) முந்நூற்றுச் சொச்சம் சோதனைகளை அனுப்பியிருந்தார். எல்லாம் பச்சை, அதாவது தேறியவை. புதிய வசதி கேட்டு வருபவர்கள் ஏராளம். சோதனை எழுதித் தருகிறேன் என்று வருபவர் எத்தனை பேர்? நாலைந்தைப் புரட்டிப் பார்த்து, நன்றி சொல்லி, இணைத்துவிட்டேன்.

2022 அக்டோபரில் மெக்சிகோ தன் பெரும்பாலான பகுதிகளில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளும் நேர மாற்றத்தைக் கைவிட்டது. எந்த ஊரில் எப்போது என்ன நேரம் என்று மென்பொருள்கள் பார்த்துக்கொள்ளும் நேர மண்டலத் தரவுத்தளமும் அதற்கேற்பப் புதுப்பிக்கப்பட்டது. அந்தப் பதிப்பு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் சோதனைகளைத் தானாக ஓட்டிப் பார்க்கும் எங்கள் சி.ஐ. இயந்திரத்துக்கு வந்த நாளில் சோதனைகளில் ஒரு கொத்து சிவந்தது. வரப்போகும் ஒரு ஜூலையில் மெக்சிகோ நகரம் உலகப் பொது நேரத்துக்கு 5 மணி நேரம் பின்னால் இருக்கும் என்று அவை அடித்துச் சொல்லின. புதிய சட்டப்படி அது 6 மணி நேரம். என் நிரலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆனால் சோதனை சிவந்தால் இணைப்பு நடக்காது என்பதால், ஆவணத்தில் எழுத்துப்பிழை திருத்த வந்தவரின் மாற்றம்கூட வாசலிலேயே நின்றது.

சோதனைகளை எழுதியவருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் இல்லை. முதலில் கோபம் வந்தது. பிறகு யோசித்தால், அவர் ஏன் பதில் சொல்ல வேண்டும்? என்னிடம் சம்பளம் வாங்கவில்லை, வாக்கும் தரவில்லை. படித்துப் பார்க்காமல் வாங்கிப் போட்டுக்கொண்டவன் நான்.

உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தபோதுதான் அதைவிட மோசமான ஒன்று கண்ணில் பட்டது. சில சோதனைகளில் எதிர்பார்க்கும் விடை எந்த விதியிலிருந்தும் வரவில்லை. என் நிரல் அன்று என்ன தந்ததோ, அதையே சரியான விடை என்று எழுதி வைத்திருந்தார். அவற்றில் இரண்டு தவறான விடைகள். என் பிழைகளுக்கு நானே காவல் போட்டு வைத்திருந்திருக்கிறேன்.

எழுதியவரே பொறுப்பு என்போருக்கு ஒரு நியாயம் உண்டு: எங்களிடம் இல்லாத வன்பொருளிலோ இயங்குதளத்திலோ மட்டும் ஓடும் சோதனையை நாங்கள் எப்படிப் பராமரிப்பது? உண்மைதான். ஆனால் அங்கே தேவைப்படுவது இயந்திரம். சோதனைக் கோப்பின் உரிமை வேறு விஷயம். போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருள் திட்டம் இவ்விரண்டையும் அழகாகப் பிரித்து வைத்திருக்கிறது. அதன் ‘பில்ட்ஃபார்ம்’ அமைப்பில் தன்னார்வலர்கள் தங்கள் சொந்த இயந்திரங்களில் அந்த மென்பொருளைத் தொகுத்து, சோதித்து, முடிவை அனுப்புகிறார்கள். பண்ணை என்பதால் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் ஒரு விலங்கின் பெயர். இயந்திரம் தன்னார்வலருடையது; ஓடும் சோதனைகளில் பெரும்பகுதி திட்டத்தின் களஞ்சியத்தில் இருப்பவை, அங்கே கமிட் உரிமை, அதாவது மாற்றங்களை நேரடியாகச் சேர்க்கும் உரிமை, உள்ளவர்கள் திருத்துபவை.

பைத்தான் நிரல்மொழித் திட்டம் இன்னும் கறாரானது. இயங்குதள ஆதரவைப் படிநிலைகளாகப் பிரிக்கும் அதன் பெப் 11 ஆவணம், இரண்டாம் படிநிலைக்குக் குறைந்தது இரண்டு மைய உருவாக்குநர்களும், மூன்றாம் படிநிலைக்கு ஒருவரும் பெயர் கொடுத்திருக்க வேண்டும் என்கிறது. மூன்றாம் படிநிலையில் சோதனை தோற்றால் வெளியீடு நிற்காது. கவனியுங்கள்: பெயர் கொடுப்பவர் வெளியாள் அல்லர். ஆள் இல்லாவிட்டால் அதை ஒளிக்கவும் தேவையில்லை. லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலின் பராமரிப்பாளர் பட்டியலில் ‘அனாதை’ என்றே ஒரு நிலை இருக்கிறது. எனக்கு மிகப் பிடித்த நேர்மை அது.

என் அளவில் பராமரிப்பு என்பது நீக்கும் உரிமை. யாருடைய வேலை சோதனை சிவந்தால் நின்றுபோகிறதோ, அவருக்கு அதைத் திருத்தவும் தூக்கியெறியவும் உரிமை இருக்க வேண்டும். ‘அவர் அரும்பாடுபட்டு எழுதியது, தொடக்கூடாது’ என்று வைத்திருந்தால் அது பூஜையறைப் படம்தான், சோதனை அல்ல.

இப்போது பெரிய தொகுப்பு வந்தால் எதிர்பார்க்கும் விடை எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு வரி கேட்கிறேன். நேர மண்டலத் தரவின் பதிப்பைச் சோதனைக்குள்ளேயே நிலைநிறுத்தச் சொல்கிறேன். தானே பார்த்துக்கொள்வதாகப் பங்களிப்பவர் சொன்னால் மகிழ்ச்சி. அந்தத் தொகுப்பு தனி அடைவில் இருக்கும், இரவில் ஓடும், எவருடைய இணைப்பையும் தடுக்காது. இதைக் கேட்டு ஒருவர் மனம் நொந்து தன் சோதனைகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். நல்ல சோதனைகள்தான், இழப்புதான்.

அந்த முந்நூறில் இன்று எண்பது சொச்சம் மிஞ்சியிருக்கின்றன. ஒவ்வொன்றும் எதற்கு இருக்கிறது என்று கேட்டால் என்னால் சொல்ல முடியும், நாலைந்தைத் தவிர. அவற்றை நீக்க இன்னும் கை வரவில்லை.