ஹகுரோ மலையில் 2,446 படிகளும் அம்மாவின் முழங்காலும்

கேள்வி: அக்டோபர் நடுவில் ஜப்பான் போகிறோம். யமகதா பகுதியிலுள்ள ஹகுரோ மலையைப் புத்தக் கோயில் என்றும் சொல்கிறார்கள், ஜப்பானின் பூர்வ மதமான ஷின்டோவின் கோயில் என்றும் சொல்கிறார்கள். எது சரி? முழங்கால் வலியுள்ள அம்மாவால் 2,446 படி ஏற முடியுமா? ஹகுரோ, கஸ்ஸான், யூதோனோ என்ற மூன்று புனித மலைகளையும் ஒரே நாளில் பார்த்துவிடலாமா?

பதில்: இரண்டும் சரிதான். பல நூற்றாண்டுகளாகப் புத்தரும் ஷின்டோ தெய்வங்களும் அங்கே சேர்ந்தே இருந்தார்கள். 1868இல் மெய்ஜி அரசு இரண்டையும் பிரிக்க உத்தரவிட்டதும் மலை ஷின்டோ வசம் போனது. அடிவார வாசலிலிருந்த நியோ என்ற புத்தக் காவலர் சிலைகளை அகற்றி, வாசலுக்கு ஸுய்ஷின்மோன் என்று வேறு பெயரும் வைத்துவிட்டார்கள். ஐந்தடுக்கு பகோடா கோபுரம் தப்பியது. உள்ளே இருப்பது இப்போது ஷின்டோ தெய்வம். உச்சியில் 1275இல் வார்த்த பெரிய மணியும் அப்படியே தொங்குகிறது.

படிக்கு வருவோம். வாசலைத் தாண்டியதும் பாதை ஏறாது, இறங்கும். சிவப்புப் பாலம், ஆயிரம் வயது தாண்டிய 'தாத்தா' சுகி (ஜப்பானிய தேவதாரு) மரம், அடுத்து பகோடா. அம்மா இதுவரை நிதானமாக வரலாம். ஆனால் திரும்பும்போது அந்த இறக்கம் ஏற்றமாகிவிடும், மறக்க வேண்டாம். பகோடாவுக்கு அப்புறம் மூன்று ஏற்றங்கள். நடுவில் உள்ளதுதான் செங்குத்து. பென்கெய் என்ற வீரத் துறவியே அங்கே சுமந்து வந்த எண்ணெயைச் சிந்திவிட்டாராம். மழை பெய்தால் கல் வழுக்கும். அதனால் அம்மாவை ட்சுருஓகா ரயில் நிலையத்திலிருந்து உச்சிக்கே போகும் பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள். நீங்கள் நடந்து போய் மேலே சேர்ந்துகொள்ளலாம். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும்.

மூன்று மலை, ஒரு நாள்? வேண்டாம். 1,984 மீட்டர் உயர கஸ்ஸான் கோயில் அக்டோபரில் மூடியிருக்கும். அதனால் குறை ஒன்றுமில்லை: பனிக்காலத்தில் மற்ற இரண்டுக்கும் போக முடியாது என்பதால் மூன்று தெய்வங்களையும் ஹகுரோ உச்சிக் கோயிலிலேயே சேர்த்து வைத்திருக்கிறார்கள். அம்மாவுக்கு அந்த ஒரு கும்பிடு போதும்.

இரவு தங்க மேலேயே சைகான் என்ற யாத்ரீகர் விடுதி இருக்கிறது. அதுவும் ஒரு காலத்தில் மடம்தான். மலைக்கீரை, எள் டோஃபு என்று சாப்பாடு பிரமாதம். சுத்த சைவம் என்றால் மீன் சாறு சேர்ப்பார்களா என்று முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள்.

மறுநாள் கார் கிடைத்தால் யூதோனோ. செருப்பைக் கழற்ற வேண்டும், படம் எடுக்கக் கூடாது. அங்கே கண்டதை வெளியே சொல்லக் கூடாது என்பதும் பழைய விதி. 1689இல் வந்த கவிஞர் பாஷோவே எழுதாமல் விட்டுவிட்டார், நானும் சொல்லப்போவதில்லை.