நாலு சங்கம், ஒரு வாய்க்கால்

வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர்: தபால் துறையில் ஓய்வு பெற்றவர், மதுரையில் 14 வருடமாகத் தன் பகுதிக் குடியிருப்போர் நலச் சங்கத்தின் பொருளாளர்.

அம்மா, எங்கள் பகுதியில் குடியிருப்போர் நலச் சங்கம், கடைக்காரர்கள் சங்கம், இளைஞர் நற்பணி மன்றம், கோயில் கமிட்டி என்று நாலு இருக்கின்றன. 2024 அக்டோபர் மழையில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது நாலு பேரும் தனித்தனியாகச் சோறு பொங்கினார்கள். ஒரு தெருவுக்கு மூன்று தடவை பொட்டலம் போனது, அடுத்த தெருவுக்கு ஒன்றுகூடப் போகவில்லை. நாலையும் கலைத்து ஒரே சங்கமாக்கலாம் என்று அலைகிறேன். ஒருத்தரும் மசியவில்லை. என்ன செய்ய?
– ஒரு வாசகர், செல்லூர்

மசிய மாட்டார்கள் தம்பி. நானாக இருந்தாலும் மசிய மாட்டேன். இருபது வருடமாக ஒரு போர்டு, ஒரு ரசீதுப் புத்தகம், ஒரு ரப்பர் ஸ்டாம்பு வைத்துக்கொண்டு வெயிலில் அலைந்தவரிடம் போய், "எல்லாத்தையும் இங்க கொண்டாந்து வைங்கண்ணே" என்றால் டீகூட வாங்கித்தர மாட்டார்.

நம்ம ஊரிலேயே இரண்டு திருவிழாவைச் சேர்த்துவைத்த கதை இருக்கிறது. அழகர் முன்பு தேனூர்ப் பக்கம்தான் ஆற்றில் இறங்கினார், திருமலை நாயக்கர்தான் அதை மதுரைக்கு மாற்றி மீனாட்சி கல்யாணத்தோடு சேர்த்தார் என்பார்கள். தேனூர்க்காரர்களை அப்படியே கழற்றிவிட்டிருந்தால் விழா நிலைத்திருக்குமா? வண்டியூர்ப் பக்கம் வைகைக்குள் இன்றைக்கும் தேனூர் மண்டபம் என்ற பெயரிலேயே ஒரு மண்டபம் நிற்கிறது. மண்டூக முனிவருக்கு அழகர் சாப விமோசனம் கொடுப்பது அங்கேதான். அழகர்கோயிலில் இருந்து வண்டியூர் வரை வழிநெடுக, சாமி நின்று மரியாதை வாங்கிப் போகிற மண்டகப்படி எத்தனை! ஒன்று ஒரு குடும்பத்துக்கு, ஒன்று ஒரு வகையறாவுக்கு, ஒன்று ஒரு சங்கத்துக்கு. சாமியும் பாதையும் எல்லாருக்கும் ஒன்றுதான். அத்தனை மண்டகப்படியையும் இடித்து ஒரே பெரிய மண்டபமாகக் கட்டுவோம் என்று ஒருத்தர் கிளம்பினால் ஊர் அவரைச் சும்மா விடாது. நீங்கள் இப்போது அந்த ஒருத்தர்.

சங்கங்களை அப்படியே விடுங்கள். எல்லாரும் தூக்க வேண்டிய சாமி எது என்று பாருங்கள். உங்கள் பகுதிக்கு அது வாய்க்கால்தான். ஆனையூர், ஆலங்குளம், முடக்கத்தான் பக்கத்துக் கண்மாய்கள் நிரம்பி மறுகால் பாய்ந்தால் தண்ணீர் செல்லூர்க் கண்மாய்க்கு வருகிறது. அங்கிருந்து பந்தல்குடி வாய்க்கால் வழியாக வைகைக்குப் போய்ச் சேர வேண்டும். அந்தப் பெரிய வாய்க்காலைத் தூர்வாருவதும் கரை கட்டுவதும் அரசாங்கப் பணமும் இயந்திரமும் செய்கிற வேலை. அதற்கு மனு கொடுக்கலாம், மண்வெட்டியோடு இறங்க வேண்டாம். ஆனால் அதில் வந்து விழுகிற தெருக் கால்வாய்கள் இருக்கின்றனவே, அவற்றில் பாலித்தீன் பையும் தேங்காய் மட்டையும் கட்டட இடிபாடும் போட்டது யார்? நாம்தான்.

மனு என்றதும் எங்கள் கூத்து ஞாபகம் வருகிறது. பத்து வருடத்துக்கு முன், எங்கள் பகுதியில் தெருவில் தேங்குகிற தண்ணீரைக் கிழக்கே திருப்பிவிடக் கேட்டு எங்கள் சங்கம் ஒரு மனு கொடுத்தது. மேற்கே திருப்பக் கேட்டு, எங்களுக்குத் தெரியாமல், கடைக்காரர்கள் சங்கம் இன்னொன்று கொடுத்தது. அந்த அலுவலகத்தில் இரண்டையும் ஒரே கோப்பில் கட்டி, பொதுமக்களிடையே ஒருமித்த கருத்து இல்லை என்று ஒரு வரி எழுதி முடித்துவிட்டார்கள். அந்த ஒரு வரியைக் கண்ணால் பார்ப்பதற்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி 30 நாள் காத்திருந்தேன். எங்களைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. எழுதியது அத்தனையும் உண்மையாக இருந்ததுதான் வயிற்றெரிச்சல்.

அதற்கப்புறம் கூட்டம் போடவில்லை, நடந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, ஒவ்வொரு சங்கத்திலிருந்தும் இரண்டு மூன்று பேர், மொத்தம் பதினோரு பேர், கால்வாயின் தலையிலிருந்து கடைசி வரை. நான் லாங் சைஸ் நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டேன். உட்கார்ந்து பேசும்போது எல்லாருக்கும் அடுத்தவர் குப்பைதான் தெரியும். நடக்கும்போது தன் வாசலும் வந்துவிடும் அல்லவா? டீக்கடைக்குப் பின்னால் பேப்பர் கப் மலைபோல் கிடந்தது. கோயிலுக்குப் பின்னால் மாலைகள், வாழைமட்டை. நற்பணி மன்றம் ஃபிளெக்ஸ் கட்டிய சவுக்குக் கம்புகள் கால்வாய்க்குள்ளேயே நட்டபடி நின்றன. சிரித்துக்கொண்டே நான் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வந்தேன். எங்கள் வீட்டை நெருங்கியதும் சிரிப்பு போனது. மாடி கட்டியபோது மிஞ்சிய ஜல்லி அரை யூனிட் கால்வாய்க்குள் சரிந்து கிடந்தது. "இதையும் எழுதுங்க டீச்சர்" என்றார் டீக்கடைக்காரர். நான் டீச்சர் இல்லை, நோட்டு வைத்திருந்ததால் அந்தப் பட்டம். இன்றுவரை அந்த இடத்துக்குப் பெயர் "பொருளாளர் ஜல்லி".

அன்றைக்கே, நடந்து முடித்த இடத்திலேயே, மண்டகப்படி பிரித்தோம். மெயின் ரோட்டிலிருந்து ரேஷன் கடை வரை கடைக்காரர்கள். ரேஷன் கடையிலிருந்து கோயில் வரை கமிட்டி. மிச்சம் குடியிருப்போர் சங்கம். இளைஞர்களுக்கு இடம் ஒதுக்கவில்லை, மழை இரவில் ஓடுகிற வேலையை ஒதுக்கினோம். அடைப்பை எடுப்பது, தாழ்வான வீட்டு வயசாளிகளைக் கூட்டிவருவது, கரண்ட் ஆபீசுக்குப் போன் போடுவது. மனு இனிமேல் ஒன்றுதான். ஆனால் அதன் கீழே எல்லாச் சங்கத்து முத்திரையும் இருக்கும். நாலு முத்திரை விழுந்த தாளை ஒருமித்த கருத்து இல்லை என்று கட்டிப்போட முடியாதே.

சோற்றுக்கும் இதே வழிதான் தம்பி. சமையல் ஒரே இடத்தில். தெருப் பட்டியல் நாலாகப் பிரிந்து நாலு பேர் கையில். பொட்டலத்தில் யார் பெயரை ஒட்டுவது என்று கட்டாயம் சண்டை வரும். நாலு பெயரையும் ஒட்டிவிடுங்கள், பசித்தவர் படித்துக்கொண்டிருக்கப் போவதில்லை.

கூட்டுக் கூட்டத்துக்கு யார் தலைமை தாங்குவது என்பதிலேயே எங்களுக்கு மூன்று மாதம் போய்விட்டது.
– ஒரு வாசகர், அவனியாபுரம்

யாரும் தாங்க வேண்டாம். மேடை, மைக், பொன்னாடை மூன்றையும் எடுத்துவிட்டுப் பாருங்கள், பாதிப் பேர் வரமாட்டார்கள். வருகிற மீதிப் பேரை வைத்துக்கொண்டு வேலையைப் பாருங்கள். எங்கள் வழக்கம், யார் இடத்தில் கூடுகிறோமோ அவர் பருத்திப்பால் வாங்கித்தர வேண்டும், அந்த மாதத்துக்கு அவர் சொல்வதுதான் நிகழ்ச்சிநிரல். பொன்னாடைக்கு ஆசைப்படுகிறவர்கள் பருத்திப்பால் செலவைக் கேட்டதும் "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்கிறார்கள்.

நாங்கள் சுயஉதவிக் குழுப் பெண்கள். பகுதிச் சங்கக் கூட்டத்துக்குக் கூப்பிடுவார்கள். கோலம் போடவும் வரவேற்பில் சந்தனம் கொடுக்கவும் மட்டும். பேசினால் "நீங்க உக்காருங்கம்மா" என்கிறார்கள்.
– ஓர் இல்லத்தரசி, வில்லாபுரம்

உட்காருங்கள், ஆனால் கணக்கு நோட்டுக்கு முன்னால் போய் உட்காருங்கள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வாராவாரம் பணம் வாங்கி, எழுதி, படித்துக்காட்டி, கையெழுத்து வாங்குகிற பழக்கம் உங்கள் பகுதியில் வேறு எந்தச் சங்கத்துக்கு இருக்கிறது? அழகர்கோயில் பக்கம் புல்லிச்சேரி சின்னப்பிள்ளையம்மாளை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கூலி வேலை பார்த்தவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். களஞ்சியம் என்ற பெண்கள் சேமிப்புக் குழுக்களைக் கட்டி எழுப்பியதில் முன்னால் நின்றவர். 2001-ல் டெல்லியில் விருது கொடுத்தபோது பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-ல் பத்மஸ்ரீ. நான் கவனிக்கச் சொல்வது விருதை அல்ல, அந்தக் களஞ்சியத்தின் கட்டுமானத்தை. ஒவ்வொரு குழுவும் தன் சேமிப்பைத் தானே வைத்துக்கொள்ளும். பல குழு சேர்ந்தால் ஒரு தொகுப்பு. தொகுப்புகள் சேர்ந்தால் வட்டாரக் களஞ்சியம். மேலே சேர்ந்ததற்காகக் கீழே இருக்கிற குழு கலைந்துபோவதில்லை. செல்லூர்த் தம்பி இந்தப் பதிலையும் படிக்க வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் சந்தனக் கிண்ணத்தை மேஜையில் வைத்துவிட்டு, "போன திருவிழா வசூல் கணக்கை நாங்க எழுதித் தர்றோம்ணே, ரசீதுக் கட்டைக் கொடுங்க" என்று கேளுங்கள். கேட்டதும் யார் முகம் மாறுகிறது என்று பாருங்கள். அதற்காகவே நானும் வில்லாபுரம் வரத் தயார்.

கூட்டமைப்பைப் பதிவு செய்ய வேண்டுமா? பொது நிதி எங்கே வைப்பது?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், திருநகர்

ஐயா, ஒரு சங்கத்தை 1975-ஆம் வருடத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவு செய்ய 7 பேர் போதும். பைலா எழுதி மாவட்டப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். பதிவு செய்வது சுலபம், அதற்கப்புறம் வருடா வருடம் பொதுக்குழு கூட்டிக் கணக்குத் தாக்கல் செய்வதில்தான் முக்கால்வாசிச் சங்கம் படுத்துவிடுகிறது. ஏற்கெனவே இருக்கிற சங்கங்கள் அதை ஒழுங்காகச் செய்யட்டும். கூட்டமைப்புக்குப் பதிவும் வேண்டாம், பாஸ்புக்கும் வேண்டாம் என்பது என் கட்சி. ஜேசிபி வாடகையைக் கடைக்காரர்கள் நேராகக் கொடுக்கட்டும், டீசல் செலவைக் கோயில் கமிட்டி ஏற்கட்டும். அவரவர் பணம் அவரவர் ரசீதில். பொது உண்டியல் வைத்த அன்றைக்கே பொதுச் சந்தேகமும் வந்துவிடும்.

ஒரு விஷயத்துக்கு மட்டும் பதிவு பெற்ற ஒரு சங்கம் முன்னால் நிற்பது நல்லது. நமக்கு நாமே திட்டத்தில் பூங்கா, பள்ளிக் கட்டடம் போன்ற பொது வேலைக்கு மக்கள் பங்காக மூன்றில் ஒரு பாகம் கட்டினால் மிச்சத்தை அரசு போடும். 3 லட்ச ரூபாய் வேலை என்றால் நீங்கள் திரட்ட வேண்டியது 1 லட்சம். நாலு சங்கம் சேர்ந்தால் ஆளுக்கு 25,000. தனியாக ஒரு சங்கம் இதைத் திரட்டப் போனால் வீடு வீடாக ஏறி இறங்கியே ஒரு வருடம் போய்விடும்.

கவுன்சிலர் இருக்கும்போது இந்தச் சங்கமெல்லாம் எதற்கு? ஊர்ப்புறத்தில் கிராம சபையாவது உண்டு. நகரத்தில் நம் பேச்சை யார் பதிவு செய்கிறார்கள்?
– ஒரு வாசகர், கோ.புதூர்

நகரத்துக்கும் வந்துவிட்டதே. வார்டைப் பகுதிகளாகப் பிரித்துப் பகுதி சபை கூட்டுகிறார்கள். மாநிலம் முழுக்க 2022 நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினத்தன்று கூடியது. மதுரை மாநகராட்சியின் 100 வார்டுக்கும் அது பொருந்தும். உங்கள் பகுதி சபைக்கு நீங்கள் போனீர்களா? நான் முதல் தடவை போனபோது நாற்காலிதான் அதிகம் இருந்தது. சங்கங்கள் எதற்கு என்று கேட்டீர்களே, அந்த நாற்காலியை நிரப்புவதற்குத்தான். நாலு சங்கமும் ஒரே கோரிக்கையோடு போய் உட்கார்ந்தால் கவுன்சிலருக்கும் அது பலம். மேலே போய்ப் பேச அவர் கையில் ஒன்று இருக்கும்.

கிராம சபையின் பலம் என்ன என்று மேலூர்ப் பக்கம் கேளுங்கள். அரிட்டாபட்டிப் பக்கம் டங்ஸ்டன் சுரங்க ஏலம் என்று 2024 கடைசியில் செய்தி வந்ததும், ஊர் ஊராகக் கிராம சபையில் தீர்மானம் போட்டார்கள். 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் தபால் ஆபீஸ் வரை ஊர்வலமாக வந்தார்கள். மேலூரில் கடைகளை அடைத்தார்கள். விவசாயிகள், வியாபாரிகள், அம்பலகாரர்கள், பெண்கள் என்று ஆளுக்கொரு சங்கம், ஆளுக்கொரு கொடி. அந்த மாதம் 23-ஆம் தேதி ஏலம் ரத்து. தல்லாகுளத்தில் நானும் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரே விலாசத்துக்கு அத்தனை ஊர்க்காரர்கள் ஒரே நாளில் வந்ததை என் சர்வீஸில் பார்த்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு பார்த்தேன்.

மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்பச் சொல்லி ஒருமுறை எழுதினீர்கள். போன வாரம் போனால் பதிவுத் தபாலே இல்லை என்கிறார்கள்!
– ஒரு வாசகி, உசிலம்பட்டி

ஆமாம் கண்ணு, 2025-ல் அதை விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள். ஒன்றாக இணைப்பது எனக்கு ஏன் ஆகாது என்று இப்போது புரிகிறதா? விரைவுத் தபாலிலேயே அனுப்புங்கள், ரசீதை மனு நகலோடு குத்திவையுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் நேரில் கொடுத்தால் மனு எண்ணைக் கேட்டு வாங்காமல் படியிறங்காதீர்கள்.

இவ்வளவு பேசுகிறீர்களே, உங்கள் பகுதியில் எல்லாம் சரியாகிவிட்டதா?
– பெயர் போடாத ஒருவர், மதுரை

இல்லை. கால்வாய் மெயின் ரோட்டைக் கடக்கிற சிறுபாலம் இன்னும் குறுகல்தான். பெரிய மழை வந்தால் கடைசி இரண்டு வீட்டு வாசலில் இப்போதும் தண்ணீர் நிற்கிறது. முன்னே மூன்று நாள் நின்றது, இப்போது மதியத்துக்குள் வடிகிறது. நற்பணி மன்றத்துப் பையன்களில் பாதிப் பேர் வேலைக்குக் கோயம்புத்தூர், திருப்பூர் என்று போய்விட்டார்கள், புதுப் பையன்களைப் பிடிக்க வேண்டும். கோயில் கமிட்டி இரண்டாக உடைந்து இப்போது எங்களுக்கு ஐந்து சங்கம். ஐந்தாவதுக்கு எந்த இடம் என்று இன்னும் பிரிக்கவில்லை.

இந்த வாரம் ரேஷன் கடை வரை கால்வாய்க் கம்பி வலையில் சிக்கிய குப்பையை எடுப்பது டீக்கடைக்காரர் முறை. மேகம் வேறு மூட்டமாக இருக்கிறது, அவர் மகள் வீட்டு விசேஷத்துக்கு விருதுநகர் போயிருக்கிறார். அவருக்குப் போன் போட்டுவிட்டு மற்ற கடிதங்களைப் பிரிக்கிறேன்.