கார் கேள்வி நேரம்: டேஷில் மரமா, கார்பனா, அலுமினியமா?

பழைய அமெரிக்க மசில் கார்களுக்கு (பெரிய இஞ்சின் போட்ட வேக வண்டிகள்) சீட் தைப்பதைப் பற்றி எழுதியதும் வாசகர்களின் கவனம் டேஷ்போர்டுக்குத் தாவிவிட்டது. எழுதியவர்கள் எல்லோரும் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருப்பவர்கள், இந்த வண்டிகள் அங்கேதானே கிடக்கின்றன. ஐந்து கடிதங்களை எடுத்துக்கொள்கிறேன். முதல் பதில் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் 1970 டாட்ஜ் சேலஞ்சர் ஆர்/டி இருக்கிறது. இஞ்சின், கியர்பாக்ஸ், பிரேக் எல்லாம் புதிதாக மாற்றியாகிவிட்டது. வெளியே கருப்பு. உள்ளே மீட்டர்களைச் சுற்றியிருக்கும் மரக்கோடு போட்ட படலம் உரிந்து வருகிறது. நண்பன் கார்பன் ஃபைபர் போடு என்கிறான், மனைவி மரம்தான் அழகு என்கிறார், எனக்கோ பிரஷ்டு அலுமினியம் மேல் ஆசை. யார் பேச்சைக் கேட்பது? (வாசகர், டல்லாஸ்)

உங்கள் மனைவி பேச்சை. ஆனால் அவர் சொல்வது மரம், நான் சொல்வது மரம் மாதிரி.

உங்கள் காரில் இருந்தது மரமே இல்லை, அச்சடித்த பிளாஸ்டிக் படலம். அந்தக் காலத்து மசில் கார்களில் 'மரம்' என்று இருந்ததெல்லாம் கிட்டத்தட்ட அப்படித்தான். 1969 மஸ்டாங் மாக் 1-இல் தேக்கு மாதிரி, 1969 கமேரோவின் கஸ்டம் இன்டீரியரிலும் மரக்கோடு, உங்கள் சேலஞ்சரில் 150 மைல் வரை எண் போட்ட ரேலி மீட்டர்களைச் சுற்றிலும் அதே கதை. இளைஞர்களுக்கு மலிவாக நிறைய குதிரைசக்தி கொடுக்க வேண்டும், பார்க்க மட்டும் கொஞ்சம் பணக்காரத்தனம் இருக்க வேண்டும் என்று நினைத்துச் செய்த வண்டிகள் இவை. ஆகவே நிஜ வால்நட் மரத்தின் மெல்லிய தகட்டை (வெனீர்) ஒட்டி 'ஒரிஜினலுக்குத் திரும்பிவிட்டேன்' என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொள்ளுங்கள்.

கார்பன் இழையை நெய்து, ரெஸின் என்ற பிசினில் ஊறவைத்துக் கெட்டியாக்கியதுதான் கார்பன் ஃபைபர். அதற்கு நான் எதிரி இல்லை. ஆனால் 1970-இல் பிறந்த காரில் அது எங்கே உட்காரும் என்று பார்க்க வேண்டும். ஃபார்முலா ஒன்னிலேயே முழு கார்பன் சேசிஸ் வந்தது 1981-இல், மெக்லாரன் எம்பி4/1 காரில். உங்கள் வண்டியில் சீட், ஸ்டியரிங், சக்கரம் எல்லாம் இன்றைய பாணிக்கு மாறிவிட்டது என்றால் கார்பன் பொருந்தும். பழைய மெல்லிய ஸ்டியரிங்கும் பழைய வினைல் சீட்டும் அப்படியே இருக்க, நடுவில் மட்டும் கார்பன் போட்டால் வேட்டிக்கு ஷூ போட்ட மாதிரி. அதிலும் கார்பன் மாதிரி அச்சடித்த ஸ்டிக்கரை வேண்டவே வேண்டாம் என்பேன். நிஜ கார்பனில் நெசவு வெயிலுக்கு ஏற்ப நிறம் மாறும், ஸ்டிக்கரில் அது செத்த படமாகக் கிடக்கும்.

அப்புறம் வெயில். அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகம் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், கோடையில் ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற கார்களின் டேஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸ் வரை சூடேறியிருந்தது. டல்லாஸ் கோடையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டிலேயே ரெஸின் கலந்து, சூட்டில் பதப்படுத்தாமல் ஆறவிட்ட கார்பன் பாகங்கள் பல இந்தச் சூட்டிலேயே இளக ஆரம்பித்துவிடும். ரெஸினாகப் போடும் எப்பாக்ஸி வெயிலில் மஞ்சளாகும், அதனால் மேலே யூவி தாங்கும் கிளியர் கோட் கட்டாயம். விற்பவரிடம் எந்தச் சூட்டில் பதப்படுத்தியது, மேலே என்ன பூச்சு என்று இரண்டு கேள்வி கேளுங்கள், அவர் முழித்தால் நடையைக் கட்டுங்கள்.

இனி உங்கள் ஆசைக்கு வருவோம். பிரஷ்டு அலுமினியம் (மெல்லிய கோடுகள் விழத் தேய்த்த தகடு) அழகுதான், ஆனால் வாங்குவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். அட்டையை அந்த அளவுக்கு வெட்டி, மேலே சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி விரித்து ஒட்டி, மீட்டர் இருக்கும் இடத்தில் செருகிவிட்டு, சாயங்காலம் வெயில் சாய்ந்து உள்ளே வரும் நேரத்தில் காரை நிறுத்தி வைத்து ஓட்டுநர் சீட்டில் கால் மணி நேரம் சும்மா உட்காருங்கள். பெயின்ட் தெருவில் போகிறவர்களுக்கு, டேஷ் உங்களுக்கு மட்டும்தான், அதனால் அதை சீட்டில் உட்கார்ந்துதான் தீர்மானிக்க வேண்டும், கடை விளக்கில் அல்ல. கண் கூசினால் விட்டுவிடுங்கள். இது என் சொந்தப் பயம் மட்டும் இல்லை. 1968 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் அமலுக்கு வந்த பாதுகாப்பு விதிகளில் ஒன்று, ஓட்டுநர் கண்ணில் படும் வைப்பர் கை, ஹார்ன் வளையம் மாதிரியான உலோகங்களின் பளபளப்புக்கே வரம்பு போட்டது.

கூசவில்லை, அலுமினியம்தான் என்றால், ஒட்டும் முறையில் கவனம். 25 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்குப் போகும்போது 60 சென்டிமீட்டர் நீள அலுமினியத் தகடு அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் நீளும், அடியில் இருக்கும் ஏபிஎஸ் பிளாஸ்டிக் இரண்டு மில்லிமீட்டர் நீளும். கெட்டியாக இறுகும் பசை போட்டால் ஒரே கோடையில் ஒரு மூலை தூக்கிக்கொள்ளும். இழுபடக்கூடிய அக்ரிலிக் ஃபோம் டேப்தான் சரி. அதற்கு முன் ஐசோபுரோபைல் ஆல்கஹால் போட்டு இரண்டு மூன்று தடவை துடையுங்கள், ஏனென்றால் ஐம்பது வருஷமாக யார் யாரோ சிலிக்கான் பாலிஷ் தேய்த்த டேஷில் எதுவும் ஒட்டாது.

உங்கள் காருக்கென்று ஒரு ஆபத்து உண்டு, இதைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். டாட்ஜ் கிரைஸ்லர் கம்பெனியின் வண்டி. அந்தக் காலத்து கிரைஸ்லர் வண்டிகளில், மின்சாரத்தின் அளவைக் காட்டும் ஆம்மீட்டர் வழியாகத்தான் ஆல்டர்னேட்டரின் சார்ஜ் மின்சாரம் ஓடும். டேஷுக்குப் பின்னால் அதன் இரண்டு போல்ட்டுகள் நிற்கின்றன, அவற்றுக்கு வரும் மின்சாரம் ஃபியூஸ் பெட்டி வழியாக வருவதில்லை, நடுவில் இருப்பது இஞ்சின் பக்கத்து ஃபியூசிபிள் லிங்க் (மின்சாரம் அதிகமானால் உருகி அறுந்துவிடும் வயர்த் துண்டு) ஒன்றுதான். முழு அலுமினியப் பலகை மாட்டி, அதன் பின் ஓரம் அந்த போல்ட்டில் உரசினால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டுமா? பழைய மோபார் (கிரைஸ்லர் குடும்பத்து வண்டி) வைத்திருக்கும் பலர் ஆம்மீட்டரை எடுத்துவிட்டு வோல்ட்மீட்டராக மாற்றிக்கொள்கிறார்கள். நீங்கள் ஆல்டர்னேட்டரையும் பெரிதாக மாற்றியிருந்தால் டிரிமுக்கு (டேஷ் மேல் போடும் அலங்காரத் தகடு, படலம்) முன்னால் இந்த மாற்றத்தை விஷயம் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் செய்துவிடுங்கள். பேட்டரி வயரைக் கழற்றாமல் மீட்டர் பக்கம் கையே வைக்காதீர்கள்.

டிரிம் கடைசி வேலை, இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு தகட்டில், இஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் 86 மில்லிமீட்டர் டேகோமீட்டருக்கும் 52 மில்லிமீட்டர் சின்ன மீட்டர்களுக்கும் ஓட்டை வெட்டி, பாலிஷ் எல்லாம் போட்டு முடித்த பிறகு 127 மில்லிமீட்டர் டேகோதான் நன்றாக இருக்கும் என்று மனசு மாறிவிட்டது. அந்தத் தகடு இப்போது என் பட்டறையில் கடிகாரம் மாட்டும் பலகை. வயரிங், ஏசி குழாய், மீட்டர், ரேடியோ, இதெல்லாம் முடிந்து ஒரு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் டிரிம்.

நானாக இருந்தால் பழைய மாதிரியிலேயே புதிதாக அச்சடித்து விற்கும் மரக்கோடு படலத்தை வாங்கி, பளபளப்பை ஒரு மேட் கிளியர் போட்டு அடக்கி ஒட்டுவேன். கருப்பு வண்டிக்குள் அந்தப் பழுப்பு மட்டும்தான் கொஞ்சம் சூடான நிறம். பிடிக்கவில்லை என்றால் ஹீட் கன் காட்டி உரித்துவிடலாம், ஓட்டை போட்டதை அப்படி எடுக்க முடியாது. டேஷ் மேல்பகுதியைக் கழற்றினால் கண்ணாடி ஓரத்தில் இருக்கும் விஐஎன் (வண்டியின் அடையாள எண்) தகட்டையும் அதன் ரிவெட்டையும் தொடாதீர்கள், அதில் கை வைப்பது அங்கே ஃபெடரல் குற்றம்.

1967 மஸ்டாங், டீலக்ஸ் இன்டீரியர். மீட்டர் பெட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்து, உள்ளும் புறமும் நன்றாக பெயின்ட் அடித்து, புது பிரஷ்டு அலுமினியப் பட்டை போட்டு மாட்டினேன். இப்போது சாவியைத் திருப்பினால் பெட்ரோல் முள்ளும் சூடு காட்டும் முள்ளும் சேர்ந்து கடைசி வரை போய் நிற்கின்றன. டேங்க்கில் பாதிதான் இருக்கிறது! (வாசகர், அட்லாண்டா)

பெயின்ட் அதிகமாக நன்றாக அடித்துவிட்டீர்கள். மீட்டர் பெட்டிக்குப் பின்னால் தீப்பெட்டியை விடச் சின்னதாக ஒரு வோல்டேஜ் ரெகுலேட்டர் இருக்கும். உள்ளே ஒரு உலோகப் பட்டை சூடாகி வளைந்து, மின்சாரத்தை விட்டு விட்டு அனுப்பி, மீட்டர்களுக்கு சராசரியாக 5 வோல்ட் கிடைக்கும்படி செய்யும். அதன் உடம்பு ஆர்த் ஆக வேண்டும். பெயின்ட் நடுவில் வந்து ஆர்த் போய்விட்டால் பட்டை சூடாகாது, வளையாது, முழு 12 வோல்ட்டும் மீட்டருக்குள் போகும். அப்படியே ஓட்டினால் மீட்டர்கள் எரிந்து போகும், அதனால் இன்றைக்கே நிறுத்துங்கள். ரெகுலேட்டர் ஸ்குரூவுக்கு அடியில் இருக்கும் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு, அங்கிருந்து காரின் பாடிக்கு ஒரு தனி ஆர்த் வயர் போடுங்கள், மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு சாவியைத் திருப்புங்கள். அதற்குப் பிறகும் முள் இறங்கவில்லை என்றால் ரெகுலேட்டரையே மாற்ற வேண்டியதுதான்.

டிரிம் விஷயத்தில் நீங்கள் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். 1967 டீலக்ஸில் பிரஷ்டு அலுமினியம், 1968 டீலக்ஸில்தான் மரக்கோடு. இரண்டையும் மாற்றி மாற்றி விற்கிறவர்கள் உண்டு. சந்தேகம் இருந்தால் மார்ட்டி ரிப்போர்ட் வாங்கிப் பாருங்கள், 1967 முதல் வந்த ஃபோர்டு வண்டிகள் தொழிற்சாலையிலிருந்து எந்தெந்த வசதிகளோடு வெளியே வந்தன என்று அதில் தெரியும்.

1978 போன்டியாக் டிரான்ஸ் ஆம், கருப்பும் தங்கமும். டேஷில் வட்டம் வட்டமாக மின்னும் தகடு முழுக்கக் கீறல். அதே டிசைனில் ஸ்டிக்கர் மலிவாகக் கிடைக்கிறது. ஒட்டிவிடலாமா? (வாசகர், சின்சினாட்டி)

ஒட்டாதீர்கள்! மரக்கோட்டுப் படலத்தைச் சிபாரிசு செய்த அதே வாயால்தான் சொல்கிறேன். அங்கே பிறவியிலேயே படலம், இங்கே பிறவியிலேயே அலுமினியம்.

அந்த வட்ட வேலைப்பாட்டுக்கு ஆங்கிலத்தில் இஞ்சின் டர்னிங் என்று பேர். கைக்கடிகாரத்துக்குள்ளும் இருக்கும், 1927-இல் லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைத் தாண்டிய விமானத்தின் மூக்கிலும் அதுதான், 1936 கார்ட் 810 காரின் டேஷிலும் அதுதான். போன்டியாக் அதை இரண்டாம் தலைமுறை டிரான்ஸ் ஆமில் போட்டு, உங்களுடையது மாதிரி தங்க எழுத்து வண்டிகளில் தகட்டுக்கும் தங்கச் சாயல் கொடுத்தது. ஒவ்வொரு வட்டமும் உள்ளே மெல்லிய சுழல் கோடுகள், அதனால் உங்கள் தலை அசைந்தால் மின்னலும் கூடவே அசையும். ஸ்டிக்கரில் அந்த அசைவைத்தான் அச்சடிக்க முடியாது.

நிஜ அலுமினியத்தில் செய்த மாற்றுத் தகடு கிடைக்கிறது, அதை வாங்குங்கள். கை துறுதுறு என்றால் நீங்களே செய்யலாம். டிரில் பிரஸ்ஸில் ரப்பரோடு சாணைத்தூள் கலந்த குச்சி ஒன்றை மாட்டி, தகட்டை அரை வட்டம் அரை வட்டமாக நகர்த்தி, ஒவ்வொரு புள்ளியிலும் ஓரிரு விநாடி அழுத்த வேண்டும், அடுத்த வரிசை முந்தைய வரிசையின் மேல் பாதி ஏறி உட்கார வேண்டும். கேட்க சுலபம். நான் ஒரு தடவை செய்தபோது ஆறாவது வரிசையில் ஒரு மில்லிமீட்டர் விலகியது, பதினைந்தாவது வரிசையில் பாம்பு மாதிரி நெளிந்துவிட்டது. நேர்கோட்டுக்கு ஒரு மரச்சட்டம் வைக்காமல் ஆரம்பிக்காதீர்கள். முடித்ததும் கிளியர் லாக்கர் கட்டாயம், இல்லாவிட்டால் விரல் ரேகை எல்லாம் அதில் தங்கிவிடும்.

பழைய தகட்டைத் தூக்கி எறியாமல் துணியில் சுற்றி வையுங்கள். உங்கள் ஊர்ப்பக்கம் நார்வுட்டில் இருந்த ஜிஎம் தொழிற்சாலையில் இந்த வண்டிகள் செய்தார்கள், 1987-இல் மூடிவிட்டார்கள். உங்களுடையதும் அங்கே பிறந்ததுதானா என்று பாருங்கள், விற்கும்போது அந்தக் கதைக்கும் கீறல் விழுந்த தகட்டுக்கும் மதிப்பு இருக்கும்.

டேஷ் முழுவதும் அல்கான்டாரா போடலாமா? (வாசகர், சான் ஹோசே)

அல்கான்டாரா என்பது மெல்லிய மென்தோல் மாதிரி இருக்கும் செயற்கைத் துணி. மேல்பகுதிக்கு மட்டும் போடுங்கள், அதுவும் கருப்பு அல்லது கரும்சாம்பல். கண்ணாடியில் டேஷின் பிம்பம் விழாது, அதற்காகவே போடலாம். கை படும் இடத்தில் வேண்டாம், எண்ணெய் பிசுக்கு ஏறிக் கட்டி கட்டியாகிவிடும். தூசியையும் விடாமல் பிடித்துக்கொள்ளும், மென்மையான பிரஷ் ஒன்றை டிக்கியில் வையுங்கள்.

என்னுடையது 2015 சேலஞ்சர். டேஷ் முழுக்க ஒட்டும் இருபது துண்டு கார்பன் டிரிம் செட் வாங்கிவிட்டேன். ஒட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்? (பெயர் வேண்டாம் என்றவர், பிராம்ப்டன்)

பயணி பக்கத்து ஏர்பேக்கைக் கவனிக்க வேண்டும். அது வெடிக்கும்போது டேஷின் பிளாஸ்டிக் தனக்கென்று மெலிதாக விட்டிருக்கும் கோட்டில் கிழிந்து திறக்கும். அதன் மேல் ஒரு துண்டு ஒட்டியிருந்தால் திறப்பது தடைப்படலாம், அல்லது அந்தத் துண்டே பக்கத்து சீட்டில் இருப்பவரின் முகத்துக்குப் பறந்து வரலாம். செட்டில் அந்த இடத்துக்கும் ஒரு துண்டு கொடுத்திருந்தால் அதை எடுத்து ஓரமாக வையுங்கள், காசு கொடுத்தது வீணாகிறதே என்று பார்க்காதீர்கள். மீதியில் கியர் பக்கம், ஜன்னல் பட்டன் பக்கம், இரண்டு மூன்று துண்டு மட்டும் போதும் என்பது என் அபிப்பிராயம், இருபதும் ஒட்டினால் உள்ளே செஸ் போர்டு மாதிரி இருக்கும்.

ஒட்டும் நாளில் டேஷ் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கட்டும், கனடா ஜனவரியில் கராஜுக்கு வெளியே முயற்சி செய்ய வேண்டாம். உங்கள் ஊரிலேயே செய்த வண்டி அது. 2023 டிசம்பரோடு பிராம்ப்டன் ஆலையில் சேலஞ்சர் நின்றுபோனது, அதனால் டேஷின் அசல் பிளாஸ்டிக்கைச் சுரண்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.