ஆய்வுச் செய்தியை எப்படிப் படிப்பது? சேலத்து நண்பர்களின் கேள்விகளும் என் பதில்களும்

சேலத்தில் நெடுங்காலம் கல்லூரி மாணவர்களுக்கு இயற்பியல் நடத்தினேன். ஓய்வு பெற்ற பிறகு ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படிப்பதே முழுநேர வேலையாகிவிட்டது. பல்கலைக்கழகங்களிலிருந்து அண்மையில் வந்த ஆய்வுகளைப் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் சில இங்கே. கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். மருத்துவம் என் துறை அன்று. ஓர் ஆய்வு எப்படி நடந்தது, அதன் எண்கள் என்ன சொல்கின்றன என்ற அளவில்தான் பேசுவேன்.

கே: என் தம்பிக்குக் காசநோய். மருந்து தொடங்கிவிட்டார்கள். வீட்டில் அம்மாவும் இரண்டு குழந்தைகளும் இருக்கிறார்கள். நன்றாகச் சாப்பிட்டால் மற்றவர்களுக்குத் தொற்றாது என்று ஆய்வில் கண்டிருப்பதாக நர்ஸ் சொன்னார். உண்மையா ஐயா? (விசைத்தறித் தொழிலாளி, கொண்டலாம்பட்டி)

ப: நர்ஸ் சொன்னதில் உண்மை இருக்கிறது அம்மா. "தொற்றவே தொற்றாது" என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். நோய் வரும் வாய்ப்பு நன்றாகக் குறைகிறது என்பதே கண்டுபிடிப்பு.

ஜார்க்கண்ட் மாநிலத்தில் நடந்த ஆய்வு அது. மங்களூரு ஏனப்போயா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அனுராக் பார்கவா, மாதவி பார்கவா என்ற மருத்துவர்கள் முன்னின்று நடத்தினார்கள். 2023-ல் லான்செட் இதழில் வெளியானது. 2,800 நோயாளிகள், அவர்களோடு ஒரே வீட்டில் வாழ்ந்த 10,345 பேர். நோயாளிகள் எல்லோருக்கும் மாதாமாதம் அரிசி, பருப்பு, சத்து மாத்திரை கொடுத்தார்கள். குடும்பத்தினரைக் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் அவர்களுக்கென்றும் தனியாக உணவுப் பொருள் கொடுத்தார்கள். ஒருவருக்கு நாளொன்றுக்கு 750 கலோரி, 23 கிராம் புரதம் என்ற கணக்கு. பெரிய விருந்தெல்லாம் இல்லை. ஆனாலும் உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. அடுத்தவருக்குப் பரவக்கூடிய நுரையீரல் காசநோய் 48 சதவீதம் குறைந்தது. தடுப்பூசிக்கு நிகரான பலன் ஒரு பை அரிசியிலும் பருப்பிலும் கிடைத்திருக்கிறது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

தம்பிக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. முதல் இரண்டு மாதத்தில் உடல் எடை ஐந்து சதவீதம் கூடியவர்களிடையே இறப்பு அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது. அவர் 40 கிலோ என்றால் இரண்டு கிலோ. மாதம் ஒருமுறை எடை பார்த்து எழுதி வையுங்கள். காசநோயாளியின் உணவுக்காக அரசு வங்கிக் கணக்கில் போடும் தொகை 2024 நவம்பரிலிருந்து மாதம் ரூ.1,000 ஆகியிருக்கிறது. அது வருகிறதா என்று கேளுங்கள்; வந்தால் பருப்புக்கும் முட்டைக்குமே போகட்டும். மருந்தை ஒரு நாளும் விட வேண்டாம். அம்மாவையும் குழந்தைகளையும் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். தடுப்பு மருந்து தேவையா என்று டாக்டர் சொல்வார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1956-ல் சென்னையில் தொடங்கிய ஒரு புகழ்பெற்ற ஆய்வு, காசநோயாளியை ஆஸ்பத்திரியில் அடைத்து வைக்க வேண்டியதில்லை, வீட்டிலேயே மருந்து கொடுத்துக் குணப்படுத்தலாம் என்று உலகத்துக்கே காட்டியது. வீட்டில் இருந்தவர்களின் சாப்பாடு எளிமையானது, ஆனாலும் குணமடைந்தார்கள். பெரிய சாதனைதான். ஆனால் அதைப் படித்தவர்கள் பலர் "உணவு முக்கியமில்லை" என்ற முடிவுக்குப் போய்விட்டார்கள். மருந்து தின்பவர் குணமாவது வேறு கேள்வி, பக்கத்தில் படுத்திருப்பவருக்கு நோய் வராமலிருப்பது வேறு கேள்வி. இரண்டாவது கேள்வியை இந்த அளவில் கேட்டுப் பார்க்க அறுபது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

கே: காபி இதயத்துக்கு நல்லது என்று ஒரு நாள் செய்தி, கெட்டது என்று மறுநாள் செய்தி. நாங்கள் விளைவிக்கிறவர்கள். எதைச் சொல்லி விற்பது? (காபித் தோட்ட மேற்பார்வையாளர், ஏற்காடு)

ப: செய்தியைப் படிக்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: காபி குடித்தவர்களை யாரோடு ஒப்பிட்டார்கள்? பெரும்பாலும், தாமாகவே குடிக்கிறவர்களைத் தாமாகவே குடிக்காதவர்களோடு ஒப்பிட்டிருப்பார்கள். உங்கள் தோட்டத்தில் விடிவதற்கு முன்பே மலைச்சரிவில் ஏறி இறங்குகிறவர் காபியும் குடிக்கிறார். அவர் இதயம் நன்றாக இருப்பது காபியாலா, ஏற்றத்தாலா? டாக்டர் வேண்டாம் என்றதால் காபியை விட்ட இதய நோயாளி "குடிக்காதவர்" கணக்கில் சேர்ந்துவிடுகிறார். இந்தச் சிக்கலை எண்ணிக்கையைக் கூட்டித் தீர்க்க முடியாது.

சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம் 2023-ல் வெளியிட்ட ஆய்வு எனக்குப் பிடித்தது. நூறு பேர்தான். இரண்டு வாரம், தினமும் அவர்கள் போனுக்கு ஒரு தகவல் வரும்: இன்று குடியுங்கள், அல்லது இன்று குடிக்காதீர்கள். ஒவ்வொருவரும் தமக்குத் தாமே ஒப்பீடு. உடலில் ஒட்டிய கருவி இதயத் துடிப்பைப் பதிந்தது. இதயத்தின் மேலறைகளில் தோன்றும் முந்துதுடிப்பு, அதாவது முறைக்கு முன்பே வந்துவிடும் துடிப்பு, காபி குடித்த நாட்களில் குறிப்பிடும்படி கூடவில்லை. கீழறைகளில் தோன்றுவது ஏறக்குறைய 50 சதவீதம் கூடியது. அந்நாட்களில் ஏறக்குறைய ஆயிரம் காலடி கூடுதலாக நடந்தார்கள். 36 நிமிடம் குறைவாகத் தூங்கினார்கள். ஆகவே மருந்தென்று விற்காதீர்கள். சேர்வராயன் மலைக் காபி அதன் மணத்துக்காகவே விற்கும்.

கே: 2023-ல் கொரியாவில் சாதாரண வெப்பநிலையிலேயே மின்தடை இல்லாத பொருளைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னார்களே, என்ன ஆயிற்று? (பொறியியல் மாணவர், ஓமலூர்)

ப: எல்கே-99. தம்பி, அந்த ஜூலை மாதக் கடைசியில் நானும் உங்களைப் போலவே தவித்தேன். மின்தடையே இல்லாத பொருளை மீக்கடத்தி என்போம். அது சாதாரண வெப்பத்தில் கிடைத்தால், மேட்டூரிலிருந்து வரும் மின்சாரம் கம்பியில் சூடாகி வீணாவது நின்றுவிடும். ஈயம், தாமிரம், பாஸ்பரஸ், ஆக்சிஜன் சேர்ந்த அந்தப் பொருள் 127 டிகிரி செல்சியஸ் வரை மீக்கடத்தி என்றார்கள். செய்முறையை வெளியிட்டதால் எவரும் செய்து பார்க்க முடிந்தது. டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் உட்படப் பல நாட்டுக் கூடங்கள் செய்து பார்த்தன, கிடைக்கவில்லை. 104 டிகிரி அருகே மின்தடை சட்டென்று இறங்கியதற்கு, கலப்படமாக உள்ளே இருந்த தாமிர சல்பைடே காரணம் என்று சீன ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் கலப்படமில்லாத படிகத்தை வளர்த்தார்கள். அது மின்சாரத்தைக் கடத்தவே மறுத்தது! எல்லாம் சில வாரங்களில் முடிந்தது. பலர் இதைத் தோல்வி என்றார்கள். என் வாழ்நாளில் இயற்பியல் இவ்வளவு ஒழுங்காக வேலை செய்து நான் பார்த்ததில்லை.

கே: மனித மனத்தைப் பற்றிய ஆய்வுகளையும் அப்படி மறுபடி செய்து பார்க்கிறார்களா? (வங்கி ஊழியர், அஸ்தம்பட்டி)

ப: செய்தார்கள். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் பிரையன் நோசெக் முன்னின்று ஒருங்கிணைத்து, வெளியான நூறு உளவியல் சோதனைகளைத் திரும்பச் செய்தார்கள். 2015-ல் முடிவு வந்தது. மூலக் கட்டுரைகளில் 97 சதவீதம் தெளிவான விளைவைக் காட்டியிருந்தன. திரும்பச் செய்தபோது 36 சதவீதமே காட்டின. அதன்பின் பல ஆய்வாளர்கள், எதைத் தேடப்போகிறோம், எப்படிக் கணக்கிடப்போகிறோம் என்பதைச் சோதனைக்கு முன்பே பதிவு செய்கிறார்கள்.

கே: இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். மாதம் ஆயிரம் ரூபாய். அதனால் ஏதாவது பலன் இருந்ததா என்று யாராவது அளந்தார்களா சார்? (ஆத்தூர்)

ப: அளந்தார்கள் அம்மா, அதுவும் நம் தமிழ்நாட்டுக் கிராமங்களிலேயே. அபிஜீத் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் என்ற மூன்று பொருளியல் அறிஞர்கள் ஏறக்குறைய 19,000 பிள்ளைகளைச் சோதித்தார்கள். அதே கிராமங்களில் அதே வயதுப் பிள்ளைகளின் 2019-ஆம் ஆண்டு மதிப்பெண்கள் அவர்கள் கையில் இருந்தது பெரும் பேறு. கொரோனாவுக்குப் பின் 2021 டிசம்பரில் பார்த்தபோது கணக்கில் பெரிய பள்ளம். தமிழில் அதில் பாதி. பள்ளி திறந்த ஆறு மாதத்தில் அந்தப் பள்ளத்தில் மூன்றில் இரண்டு பங்கு நிரம்பிவிட்டது. அப்படி நிரம்பியதில் ஏறக்குறைய 24 சதவீதம் உங்கள் மாலை வகுப்புகளின் பங்கு என்று கணக்கிட்டார்கள்.

இது குலுக்கல் முறை ஆய்வு அன்று. வகுப்புக்கு வந்தவர்களையும் வராதவர்களையும், அவர்களின் பழைய மதிப்பெண்ணைக் கணக்கில் எடுத்துக்கொண்டு ஒப்பிட்டது. ஆகவே அந்த 24 என்ற எண் சற்று முன்பின் இருக்கலாம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. இழப்பு ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு அதிகமாக இருந்தது. மீட்சியும் அவர்களுக்கே வேகமாக இருந்தது. திண்ணையில் உட்கார்ந்து நீங்கள் சொல்லிக்கொடுத்த பிள்ளைகள் அவர்கள்தானே.

கே: மகள் முனைவர் பட்டத்துக்குப் போகிறேன் என்கிறாள். ஆராய்ச்சியில் வாழ்க்கை உண்டா? (வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்காரர், செவ்வாய்ப்பேட்டை)

ப: எளிதான வாழ்க்கை என்று சொல்ல மாட்டேன். கொரோனா எம்ஆர்என்ஏ தடுப்பூசிக்கு அடிப்படை போட்ட கத்தலின் கரிக்கோவைப் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் 1995-ல் பதவி இறக்கியது. பிறகு நகலெடுக்கும் இயந்திரத்தின் அருகே ட்ரூ வைஸ்மனைச் சந்தித்தார். இருவரும் 2005-ல் வெளியிட்ட கட்டுரைக்கு அப்போது வரவேற்பில்லை; 2023-ல் நோபல் பரிசு. எல்லோருக்கும் இப்படி முடிவதில்லை. சேரும் முன் அந்த ஆய்வுக்கூடத்தின் பழைய மாணவர்களிடம் பேசச் சொல்லுங்கள்: வழிகாட்டி எப்படிப்பட்டவர், உதவித்தொகை மாதாமாதம் வருகிறதா. இந்த இரண்டுக்கும் நல்ல பதில் என்றால் அனுப்பி வையுங்கள்.

கே: எங்கள் ஊர்ப் பக்கம் உழும்போது பழைய பானை ஓடும் கரியும் வருகின்றன. தெலுங்கனூர் வாள், சிவகளை இரும்பு என்றெல்லாம் ஆயிரக்கணக்கான ஆண்டுக் கணக்குச் சொல்கிறார்களே, அதை எப்படி அளக்கிறார்கள்? (விவசாயி, மேட்டூர்)

ப: உங்கள் வட்டாரத்துத் தெலுங்கனூரில் கிடைத்த இருபுறமும் கூரான வாள், கரிமம் மிகுந்த எஃகால் ஆனது, கி.மு. 15-க்கும் 13-க்கும் இடைப்பட்ட நூற்றாண்டுகளைச் சேர்ந்தது என்கிறார்கள். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையின் காலத்தைக் கி.மு. 3345 வரை கொண்டுபோகும் முடிவை முதலமைச்சர் 2025 ஜனவரியில் அறிவித்தார். அங்கே இரும்பைத் தனியே அளக்கவில்லை. அதோடு கிடைத்த கரியையும் பானை ஓடுகளையும் அளந்தார்கள். ஆகவே கரியும் இரும்பும் ஒரே காலத்தில் புதைந்தவைதானா என்பதை அகழ்ந்தவர் காட்ட வேண்டும். மேலும் பல இடங்களில் இதே காலம் வந்தால் நம் மகிழ்ச்சி உறுதிப்படும்.

கரியில் உள்ள கார்பன்-14 அணுக்கள் 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும். மிச்சம் எத்தனை என்று எண்ணினால் மரம் செத்த காலம் தெரியும். ஓட்டின் கதை இன்னும் அழகானது. மண்ணிலுள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிர்வீச்சு, ஓட்டிலுள்ள சிறு குவார்ட்ஸ் மணிகளில் ஆண்டுதோறும் கொஞ்சம் ஆற்றலைச் சேமித்து வைக்கும். குயவர் சூளையில் சுட்டபோது அந்தச் சேமிப்பு சுழியமாகியிருக்கும். ஆய்வகத்தில் ஒளியால் தூண்டினால் மணி தன் சேமிப்பை மினுக்கலாக வெளியிடும். இருட்டறையில் அதை அளக்கிறார்கள். வெயில் பட்டாலும் அந்தச் சேமிப்பு போய்விடும்.

அதனால் இனி ஏர் முனையில் ஓடோ கரியோ வந்தால் கழுவாதீர்கள், வெயிலில் காய வைக்காதீர்கள், கரியைக் கையால் எடுக்காதீர்கள். வந்த இடத்திலேயே மண்ணை மூடிவிட்டு, கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லித் தொல்லியல் துறைக்குத் தகவல் கொடுங்கள். அவர்கள் வரும்வரை அந்த மூலையில் மட்டும் உழவு வேண்டாம்.