எக்ஸ் கதிர் லேசரின் ஓரியல் நேரம்: கேள்வி பதில்

கேள்வி: எக்ஸ் கதிர் லேசர் துடிப்பின் நீளம் பல பத்து ஃபெம்டோ நொடி (ஒரு ஃபெம்டோ நொடி என்பது நொடியை ஆயிரம் லட்சம் கோடியாகப் பிரித்ததில் ஒரு பங்கு) என்றால், ஓரியல் நேரமும், அதாவது அலையின் கட்டம் (ஏற்ற இறக்க நிலை) தொடர்பு அறாமல் நீடிக்கும் நேரமும், அதுதானே?

பதில்: இல்லை. இவ்வகை லேசர், அணுவில் கட்டுண்டிராமல் விரைந்து பாயும் எலக்ட்ரான்களே ஒளியை உமிழும் கட்டிலா எலக்ட்ரான் லேசர். அதில் கதிர்வீச்சு, எலக்ட்ரான் கொத்தின் தற்செயலான அடர்த்தி ஏற்ற இறக்கங்களிலிருந்து முளைத்துப் பெருகுவதால், ஒரு துடிப்பு என்பது ஒன்றோடொன்று கட்டத் தொடர்பில்லாத பல குறுமுகடுகளின் வரிசையாகவே அமைகிறது. கலிஃபோர்னியாவின் எல்.சி.எல்.எஸ். லேசரில் 780 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் செய்யப்பட்டு 2011-இல் வெளியான அளவீட்டில், ஓரியல் நேரம் 0.55 ஃபெம்டோ நொடி மட்டுமே.

கேள்வி: அத்தனை குறுகிய நேரத்தை எந்தக் கடிகாரம் அளக்கும்?

பதில்: கடிகாரமே வேண்டாம், பாதை வேறுபாடு போதும். அந்த 0.55 ஃபெம்டோ நொடியில் ஒளி கடப்பது சுமார் 165 நானோமீட்டர். அலைநீளமோ ஏறத்தாழ 1.6 நானோமீட்டர். யங்கின் இரட்டைத் துளைச் சோதனையில் மையத்திலிருந்து விலக விலக, ஒவ்வொரு ஒளிப் பட்டைக்கும் பாதை வேறுபாடு ஓர் அலைநீளம் கூடுகிறது. ஆகவே நூறாவது பட்டையை நெருங்கும்போது பட்டைகளின் தெளிவு வெகுவாகக் குன்றியிருக்கும். அந்தத் தேய்வின் வேகமே நமக்கு வேண்டிய அளவு. ஹாம்பர்க்கின் ஃபிளாஷ் லேசரில், கற்றையைக் கண்ணாடி விளிம்பால் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைத் தாமதப்படுத்தி மீண்டும் சேர்த்தும் அளந்திருக்கிறார்கள். கற்றையின் வெவ்வேறு பகுதிகள் அங்கே சேர்வதால், தாமதம் சுழியாக இருந்தாலும் தெளிவு முழுமையடையாது. அந்தக் குறையைக் கால ஓரியல்பின் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

கேள்வி: நிறமாலைமானி இருக்க, கண்ணாடியைப் பிளப்பானேன்? நிறமாலையிலிருந்தே ஓரியல் நேரத்தைக் கணக்கிட வழிசெய்யும் வீனர்–கின்சின் தேற்றம் போதாதா?

பதில்: கொள்கையளவில் போதும். ஆனால் பல துடிப்புகளின் நிறமாலைகளைச் சராசரியாக்கும்போது, துடிப்புக்குத் துடிப்பு மைய ஆற்றல் நகர்வதும் அகலத்தில் சேர்ந்துகொள்ள, ஓரியல் நேரம் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும்.

கேள்வி: அப்படியானால் ஒற்றைத் துடிப்பின் நிறமாலையைக் கொண்டு முடிவு செய்யலாமே! அதில் கூர்முனைகள் தெளிவாகத் தெரிகின்றனவே?

பதில்: இங்கேதான் பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். தனிக் கூர்முனையின் அகலம் துடிப்பின் நீளத்தையும், அவை பரவியிருக்கும் மொத்த அகலம் ஓரியல் நேரத்தையும் காட்டுகின்றன. மேலும், நிறமாலையிலோ, துடிப்பை அதன் தாமதித்த நகலோடு சேர்த்துப் பார்க்கும் தன்னொப்பீட்டிலோ கட்டம் பதிவாவதில்லை. எனவே இரண்டில் எதைக்கொண்டும் துடிப்பின் வடிவத்தை மீட்க முடியாது.

கேள்வி: கொத்தைச் சுருக்கினால் ஓரியல் நேரமும் சுருங்குமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். ஓரியல் நேரத்தைத் தீர்மானிப்பது கொத்தின் நீளமல்ல, பெருக்க நிகழ்வு.





கேள்வி: ஓரியல் நேரத்தை நீட்ட வழி உண்டா?

பதில்: உண்டு. 2012-இல் எல்.சி.எல்.எஸ்-இல் வைரப் படிகத்தால் வடிகட்டிய கதிரையே பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் விதையாக இட்டு, நிறமாலை அகலத்தை 40 முதல் 50 மடங்கு குறைத்தார்கள்; அகலம் குறைந்தால் ஓரியல் நேரம் நீளும்.

கேள்வி: துடிப்புகளின் ஆற்றல் ஏற்ற இறக்கத்திலிருந்து முகடுகளின் எண்ணிக்கையைக் கணக்கிடலாமா?

பதில்: பெருக்கம் நிறைவடையும் முன், ஒப்பீட்டு மாறுபாட்டு வர்க்கத்தின் (துடிப்பு ஆற்றலின் திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுத்து வர்க்கமாக்கியது) தலைகீழி அந்த எண்ணிக்கையைத் தரும். முடுக்கியின் நடுக்கத்தை முதலில் கழித்துவிடுங்கள். இல்லையேல் முகடுகள் குறைவாகவே கணக்கில் வரும்.