சிங்கப்பூர்: நீலப் பாதை ஒன்றே பாதி ஊரைக் காட்டும்

டாக்ஸி பிடிக்காமல் ரயிலிலும் பஸ்ஸிலும் சிங்கப்பூரைச் சுற்றிப் பார்ப்பது பற்றி வாசகர்கள் கேட்டவையும் எங்கள் பதில்களும்.

கோயமுத்தூர்ல ராத்திரி ஏறி, காலையில சாங்கியில எறங்குறோமுங்க. ரூம் முஸ்தபா கடைக்குப் பக்கத்துல. கையில ரெண்டு பெட்டி. ரயில்லயே போயிரலாமுங்களா?
– வாசகி, திருப்பூர்

தாராளமாகப் போகலாம். விமான நிலைய எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையம் 2, 3-ஆம் முனையங்களுக்கு நடுவே தரைக்குக் கீழே இருக்கிறது. முதல் முனையத்தில் இறங்கினால், முனையங்களுக்கு இடையே ஓடும் ஸ்கைட்ரெயின் என்ற சிறு ரயிலில் இலவசமாக அங்கே வந்துவிடலாம்.

ரயில் ஏறியதும் பெரும்பாலானவர்கள் தானா மேரா வரை போய் மாறுவார்கள். நீங்கள் முதல் நிறுத்தமான எக்ஸ்போவிலேயே இறங்கி, நீல நிற டௌன்டவுன் பாதையில் புக்கிட் பாஞ்சாங் போகும் ரயிலைப் பிடியுங்கள். இங்கேதான் கவனம் வேண்டும். அதே பாதையில் லிட்டில் இந்தியா நிலையமும் இருப்பதால் அதுவரை உட்கார்ந்து போகத் தோன்றும். ஆனால் அந்த ரயில் சைனாடவுன், பேஃப்ரன்ட், புகிஸ் என்று ஊரை ஒரு வளையம் சுற்றிவிட்டுத்தான் லிட்டில் இந்தியா வரும். அதற்கு வெகு முன்பே ஜாலான் புசார் நிலையம் வந்துவிடும். அங்கே இறங்கினால் முஸ்தபா இருக்கும் சையது ஆல்வி சாலைக்குப் பத்து நிமிட நடைதான். பெட்டியோடு எஸ்கலேட்டரில் ஏற வேண்டாம். எல்லா நிலையத்திலும் லிஃப்ட் உண்டு.

நாங்க ரெண்டு பேரு. ஒரே கார்டு வாங்கி ரெண்டு பேரும் தட்டிக்கலாமுங்களா? நம்ம பேங்க் கார்டே அங்க செல்லும்னு பையன் சொல்றான். நிசமுங்களா?
– வாசகர், ஈரோடு

ஒரு கார்டில் இருவர் போக முடியாது. ஒருவர் தட்டி உள்ளே போனதும் அந்தக் கார்டு 'பயணத்தில் இருக்கிறது' என்று பதிவாகிவிடும். அடுத்தவருக்குக் கதவு திறக்காது. ஆளுக்கொரு கார்டு வேண்டும்.

பையன் சொல்வது சரிதான். தட்டிப் பணம் கட்டும் வசதியுள்ள விசா, மாஸ்டர்கார்டு இரண்டும் ரயிலிலும் பஸ்ஸிலும் செல்லும். ஆனால் நம்மூர் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடும் தட்டும் வசதியும் தனித்தனி அனுமதிகள். நாமே கேட்டுத் திறக்காதவரை வெளிநாட்டுப் பயன்பாடு பொதுவாக மூடியே இருக்கும். பலர் ஒன்றைத் திறந்துவிட்டு மற்றதை மறந்து, கதவருகே சிவப்பு விளக்கைப் பார்த்தபடி நிற்பார்கள். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே வங்கி ஆப்பில் இரண்டையும் திறந்து வையுங்கள். வெளிநாட்டுக் கார்டு என்றால் பயன்படுத்தும் ஒவ்வொரு நாளுக்கும் 60 சிங்கப்பூர் காசு (சென்ட்) சேவைக் கட்டணம் உண்டு. நம் வங்கியின் நாணய மாற்றுக் கட்டணம் வேறு. இரண்டு மூன்று நாளுக்கு இது ஒன்றும் பெரிதில்லை. ஒரு வாரம் தங்கினால், முன்பணம் போட்டு வைத்துத் தட்டும் ஈஸிலிங்க் கார்டு மேல். விலை 10 சிங்கப்பூர் டாலர். அதில் 5 டாலர் பயணத்துக்கு, மீதி 5 கார்டின் விலை, திரும்பாது. செவன் இலெவன் கடைகளில் கிடைக்கும். ரயிலுக்கு மெஷினில் ஒற்றைப் பயணச் சீட்டு எடுக்கும் முறையை 2022-லேயே நிறுத்திவிட்டார்கள். பழைய பயணக் குறிப்புகளை நம்பிச் சில்லறையோடு போகாதீர்கள்.

பஸ்ஸில் இன்னொரு சிக்கல். நம்ம டவுன் பஸ்ஸில் கண்டக்டரிடம் டிக்கெட் வாங்கியதோடு வேலை முடிந்தது. அங்கே ஏறும்போதும் தட்ட வேண்டும், இறங்கும்போதும் தட்ட வேண்டும். இறங்கும்போது மறந்தால் அந்த பஸ்ஸின் கடைசி நிறுத்தம் வரைக்கும் கட்டணம் பிடித்துவிடும். ஏறும்போது போனையும் இறங்கும்போது கார்டையும் தட்டினாலும் இதே கதிதான். இரண்டும் ஒரே வங்கிக் கணக்காக இருந்தாலும் இயந்திரத்துக்கு அவை வெவ்வேறு ஆட்கள். பர்ஸோடு தட்டினால் உள்ளே இருக்கும் வேறு கார்டிலும் பணம் போகக்கூடும். கார்டைத் தனியே எடுத்துத் தட்டுங்கள்.

கட்டணம் தூரத்தைப் பொறுத்தது, சுமாராக ஒன்றேகால் டாலரிலிருந்து இரண்டரை டாலர் வரை. ரயிலிலிருந்து பஸ், பஸ்ஸிலிருந்து ரயில் என்று மாறினாலும், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 45 நிமிடத்துக்குள், மொத்தம் 2 மணி நேரத்துக்குள், 5 முறை வரை ஒரே பயணமாகத்தான் கணக்கு. ஆனால் வெளியே வந்த அதே நிலையத்துக்குள் திரும்பப் போனாலும், அதே எண் பஸ்ஸில் மறுபடி ஏறினாலும் புதுப் பயணம். சுற்றுலாப் பயணிகளுக்கென்று நாள் பாஸ் ஒன்று விற்கிறார்கள். ஒரு நாளில் நாலைந்து முறை ஏறி இறங்குபவருக்கு அது நட்டம் என்பதே எங்கள் கணக்கு.

அம்மாவுக்கு 68 வயசு, முட்டி வலி. ரெண்டு நாள்ல கோயிலு, மசூதி, சீனக் கோயிலு எல்லாம் பாத்துரலாமுங்களா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பார்க்கலாம். நடையைக் குறைக்க வேண்டும், வரிசையைச் சரியாக வைக்க வேண்டும். பெரும்பாலான இந்துக் கோயில்கள் மதியம் நடை சாத்திவிட்டு மாலையில்தான் திறக்கும். ஆகவே காலை முழுதும் கோயிலுக்கே.

முதல் நாள் சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மனைக் கும்பிட்டுவிட்டு, லிட்டில் இந்தியாவில் ஊதா நிற வடகிழக்குப் பாதையில் ஏறுங்கள். மூன்றாவது நிறுத்தம் சைனாடவுன். இந்த ஒரு இடத்தில் மட்டும் நீலத்தை விட ஊதா சுருக்கம். 'ஏ' என்று எழுதிய வாசல் வழியாக வெளியே வந்தால் பகோடா தெரு. தெரு முடியும் மூலையில் 1827-இல் நாராயண பிள்ளை தொடங்கிய மாரியம்மன் கோயில். அதே சவுத் பிரிட்ஜ் சாலையில் சில அடிகளில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல், எதிர்த் திசையில் போனால் புத்தரின் பல் வைத்திருக்கும் கோயில். மசூதிக்குத் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். அம்மாவுக்குச் சேலையே போதும்.

சாப்பிட்டு உட்கார்ந்து எழுந்த பிறகு தெலோக் ஆயர் தெரு. எங்களைக் கேட்டால் சிங்கப்பூரில் மெதுவாக நடக்கத் தகுந்த தெரு இதுதான். இன்று சுற்றிலும் கோபுரக் கட்டடங்கள். 1800-களின் முற்பாதியில் இதுவே கடற்கரை. கப்பலில் வந்து உயிரோடு கரை சேர்ந்தவர்கள் இறங்கிய இடத்திலேயே நன்றி சொல்லக் கட்டியவைதான் இந்தத் தெருவின் வழிபாட்டிடங்கள். ஹொக்கியென் சீனர்கள் கடல் தெய்வம் மாசுவுக்கு தியான் ஹொக் கெங் கட்டினார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம்கள் 1828-30-இல் நாகூர் ஆண்டவர் பெயரில் தர்கா கட்டினார்கள். கடலைத் தூர்த்துக்கொண்டே போனதில் கரை எங்கோ தள்ளிப் போய்விட்டது.

அங்கேயே தெலோக் ஆயர் நிலையத்தில் நீலப் பாதை. இரண்டாவது நிறுத்தம் பேஃப்ரன்ட். கரையோரப் பூந்தோட்டத்தின் ராட்சத மரங்களில் 7.45, 8.45 மணிக்கு ஒளி ஒலிக் காட்சி, இலவசம். அங்கே இருட்டவே ஏழு மணிக்கு மேலாகும். 6 மணிக்கே போய்க் கால் கடுக்க நிற்க வேண்டாம்.

மறுநாள் வெயில் ஏறும் முன் நீலப் பாதையில் லிட்டில் இந்தியாவிலிருந்து மூன்றாவது நிறுத்தமான தாவரவியல் பூங்கா. 2015-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. விடியற்காலை 5 மணிக்கே திறந்துவிடும், நுழைவு இலவசம். திரும்பி அதே பாதையில் புகிஸ். சுல்தான் பள்ளிவாசலும் அரபுத் தெருவும் நடக்கும் தூரம்.

முழு சைவமுங்க. முட்டையும் ஆகாது. பட்டினி கெடக்கணுமா?
– வாசகர், நாமக்கல்

தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் இருக்கும்வரை கவலையில்லை; கோமள விலாஸ் 1947-லிருந்து சிராங்கூன் சாலையில் இருக்கிறது. சிக்கல் மற்ற பேட்டைகளில்தான். மலாய்ச் சமையலின் சம்பாலில் இறால் விழுது அரைத்துச் சேர்ப்பார்கள். பார்த்தால் வெறும் மிளகாய்ச் சட்னி மாதிரிதான் இருக்கும். காய்கறி மட்டுமே போட்டதாகத் தெரியும் சாயூர் லோடே குழம்பிலும் காய்ந்த இறால் இருக்கலாம். பரோட்டாவுக்கு ஊற்றும் குழம்பு மீனா, ஆடா, பருப்பா என்று கேளுங்கள். மாவில் முட்டை உண்டா என்பதையும் கேளுங்கள். உணவங்காடிகளில் சீனச் சைவக் கடை இருந்தால் தயங்காமல் போகலாம். கறி மாதிரித் தெரிவது சோயாவும் மைதாப் புரதமும். ஆனால் முட்டை இல்லை என்பதை அங்கேயும் உறுதி செய்துகொள்ளுங்கள். காபிக்குப் பால் வேண்டாம் என்றால் 'கோப்பி ஓ', சர்க்கரையும் வேண்டாம் என்றால் 'கோப்பி ஓ கோசோங்'. சாப்பிட்ட தட்டை நாமே எடுத்து வைக்க வேண்டும். 2021 முதல் உணவங்காடிகளில் அது சட்டம்.

தைப்பூசத்துக்குப் பழனி போகாம அங்க போலாம்னு இருக்கோமுங்க.
– வாசகர், பொள்ளாச்சி

அங்கே அன்று அரசு விடுமுறை கிடையாது; ஆனாலும் கூட்டம் குறையாது. சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலில் கிளம்பும் காவடிகள் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலில் முடியும். காவடி, பால்குடம் எடுக்க முன்பதிவு வேண்டும், பார்ப்பதற்கு வேண்டாம். பஸ்கள் மாற்றுப் பாதையில் போகும் என்பதால் ரயிலே வசதி: தொடக்கத்துக்கு ஃபேரர் பார்க், முடிவுக்கு நீலப் பாதையில் ஃபோர்ட் கேனிங்.

குழந்தைக்கு டிக்கெட் உண்டுங்களா? ரயில்னா உசுரு அவனுக்கு.
– வாசகி, கரூர்

உயரம் 90 செ.மீ. வரை இலவசம். ரயில் பிரியன் என்றால் நீலப் பாதையின் மறுமுனையான புக்கிட் பாஞ்சாங் வரை போய், அங்கே எல்ஆர்டி என்ற சிறு ரயிலில் ஏற்றுங்கள். ஓட்டுநர் இல்லாத வண்டி. முன் கண்ணாடியருகே நிற்கலாம். தூண்கள் மேல் ஓடும் பாதை அடுக்குமாடி வீடுகளை ஒட்டிப் போகும் இடங்களில், வீட்டுக்குள் பார்வை போகாதபடி பக்கவாட்டு ஜன்னல் கண்ணாடிகள் தாமாகவே மங்கிவிடும், தாண்டியதும் தெளிந்துவிடும். கூட்டமில்லாத முற்பகல் நேரத்தில் போனால் முன்னிடம் கிடைக்கும்.